பிள்ளைகளைக் கேட்டவர் யார்? – கொல்லி மலைக் குடும்பக் கதையும் போதகரின் பொறுப்பும்

கிறிஸ்தவக் குடும்பங்கள் பட்ட இன்னல்களையும், அவற்றினூடே அவை நிலைத்து நின்ற விதத்தையும் கதையாக எடுத்துரைப்பது திருச்சபையில் நெடுநாள் வழக்கம். ஞாயிறு பள்ளியிலும், பெண்கள் ஐக்கியச் சங்கத்திலும், அருட்பணி ஞாயிறு ஆராதனையிலும் இத்தகைய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். கோட்பாட்டு விளக்கத்தைக் கேட்டுக் கண்ணயரும் சபையும், ஒரு தாயின் கண்ணீரைப் பற்றிய கதை தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருகிறது. ஆனால், இக்கதைகளை எவ்வாறு சொல்ல வேண்டும், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்பதைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. இக்கட்டுரை அதனைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது என் பிழையே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில், கொல்லி மலையில் உழைத்த ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரைப் பற்றி அருளுரை ஆற்றினேன். 1923-ல் தங்கள் இரு பிள்ளைகளையும் கல்விக்காக இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்று, அவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பிய நிகழ்ச்சியை விவரிக்கையில், பிள்ளைகள் சிரித்த முகத்தோடு கையசைத்து வழியனுப்பினார்கள் என்று சொன்னேன். அதை எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை. பேச்சின் வேகத்தில் நானே சேர்த்தது. ஆராதனை முடிந்தபின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் ஓர் உபதேசியாரின் மகன். ஆறு வயது முதல் போர்டிங்கில் வளர்ந்தவர். அவர் அங்கிருந்தபோது ஊரில் தாயார் இறந்தார்; செய்தி வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அவர் என்னிடம், "ஐயரவர்களே, அந்தத் தாய் தியாகம் செய்தார் என்றீர்கள், தகப்பன் தியாகம் செய்தார் என்றீர்கள். பிள்ளைகளை யார் கேட்டார்கள்?" என்றார். கோபமின்றிக் கேட்டார், எனவே அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

1. இவ்வகை இலக்கியத்தின் இயல்பு

வரலாற்றுப் புனைவு என்பது, உண்மையில் வாழ்ந்த மனிதரையோ உண்மையில் நிகழ்ந்த காலச் சூழலையோ எடுத்துக்கொண்டு, ஆவணங்கள் பேசாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிச் சொல்லும் கதை. அதற்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் இடையே உள்ள எல்லை, வயல் வரப்பைப் போலத் தெளிவானதன்று. உரையாடலையும் காட்சியையும் மன ஓட்டத்தையும் சேர்த்து எழுதப்படும் வாழ்க்கை வரலாறுகள் பல நாவலுக்கு மிக அருகில் நிற்கின்றன.

திருமறைக்கே இவ்வகை அந்நியமன்று. ரூத்தின் நூலைச் சிறுகதை இலக்கியமாக ஆராய்ந்த ஹெர்மன் குன்கெல் முதலிய அறிஞரின் கருத்தை மாணவர் அறிவர். நியாயாதிபதிகளின் காலம், பெத்லகேமில் பஞ்சம், மோவாபில் மூன்று மரணங்கள் என்று வரலாற்றுச் சூழலை அமைத்துவிட்டு, அந்நூல் மூன்று கைம்பெண்களின் கதையைச் சொல்கிறது. அங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நகோமி ஊர் திரும்பியதும், தன்னை இனி மாராள் என்று அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் கூறி, சர்வவல்லவர் மீதே முறையிடுகிறாள். ஆசிரியர் அவளைத் திருத்துவதில்லை. அவிசுவாசி என்று கண்டிப்பதுமில்லை. அவளுடைய கசப்பு கசப்பாகவே பதிவாகிறது. கதையின் முடிவில் குழந்தையொன்று அவள் மடியில் வைக்கப்படினும், இறந்துபோன மக்லோனும் கிலியோனும் மறக்கப்படவில்லை; நிலமீட்பு நடைபெறும் நகர வாசலில் அவர்கள் பெயர் மீண்டும் ஒலிக்கிறது.

இந்தியக் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதே நேர்மையைக் கிருபாபாய் சத்தியநாதனிடம் காண்கிறோம். அகமத்நகரில் 1862-ல் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயிலத் தொடங்கி, உடல்நலக் குறைவால் அதைத் தொடர இயலாமற்போன அவர், 1894-ல் முப்பத்திரண்டாம் வயதில் மரித்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' என்னும் தன்வரலாற்றுப் புதினம், 1887–88-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. பிராமண குலத்தைச் சேர்ந்த தந்தை கிறிஸ்தவராவதை வெற்றியாக மட்டும் அவர் காட்டவில்லை. கணவர் மனமாற்றத்தால் தாய்வீட்டையும் உறவினரையும் இழந்து, தனக்கு விளங்காத ஒரு நம்பிக்கைக்குள் இழுத்துவரப்பட்ட தாயின் திகைப்பையும் அவர் மறைக்கவில்லை. விசுவாச வீரன் எடுக்கும் முடிவின் விலையை வீட்டிலுள்ள மற்றவர் செலுத்துகின்றனர் என்பதை, அதே விசுவாசத்தில் நின்றுகொண்டே எழுதினார். தமிழில் ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் வெளியிட்ட 'புத்தம் வீடு' நாவலும் இவ்வழியில் வந்ததே. தாழ்ந்துவரும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தையும், அவ்வீட்டிற்குள் அடைபட்ட லிஸியையும், பனையேறிக் குடும்பத்தில் பிறந்த தங்கராஜையும் பற்றிச் சொல்லும் அந்நாவல் உபதேசம் செய்வதில்லை. ஆயினும் வாசிப்பவரின் மனச்சான்றைத் தொடுகிறது.

கொல்லி மலைக் குடும்பத்தைப் பற்றிப் பலரும் அறியக் காரணமானவர் டாரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர். மோசேயைக் கதைத்தலைவனாகக் கொண்ட புதினத்தை 1949-ல் வெளியிட்ட அவர், பின்னர் வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடர், மேரி வர்கீஸ், பால் பிராண்ட் ஆகியோரின் வாழ்க்கையை எழுதினார். பால் பிராண்டின் தாயாராகிய ஈவ்லினைப் பற்றிய அவரது நூல் 1976-ல் வெளிவந்தது. அது வாழ்க்கை வரலாறே. எனினும் எழுதியது நாவலாசிரியரின் கை.

2. கொல்லி மலையில் நிகழ்ந்தவை

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லி மலைக்குப் புனைவு புதிதன்று. கண்டாரை மயக்கும் கொல்லிப் பாவையைப் பற்றிச் சங்கப் புலவர் பாடினர்; வல்வில் ஓரியின் கொடையும் அம்மலையோடு சேர்த்தே பேசப்படுகிறது. சமவெளி மக்களோ, மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி, பெயரிலேயே கொலையைக் கண்டனர். மலையில் வாழ்பவர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, நாடுகளாகப் பிரிந்து வாழ்ந்த இவர்களுக்குத் தமக்கெனத் தெய்வங்களும் பூசாரிகளும் ஊர் முறைமைகளும் இருந்தன.

ஜெஸி பிராண்ட் 1885-ல் பிறந்தவர். கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைக் குறித்து ஓராண்டு பயிற்சி பெற்று, 1907-ல் இந்தியாவிற்கு வந்தார். ஈவ்லின் ஹாரிஸ் 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர். ஓவியம் தீட்டுவதில் வல்லவர். இருவரும் 1913 ஆகஸ்டில் மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் மணமுடித்து, உடனே மலையேறினர். ஜெஸி தாமே கட்டிய மரவீட்டில் குடும்பம் வாழ்ந்தது. 1914 ஜூலை 17 அன்று பால் பிறந்தார். அவருக்குப்பின் தங்கை கான்னி.

ஜெஸியின் பணி, நாம் பிரசங்கத்தில் சொல்வதைப்போல, பிரசங்கமாக மட்டும் இருக்கவில்லை. பல் பிடுங்கினார், புண்களுக்குக் கட்டுப்போட்டார், படிக்கிணற்று நீரால் பரவிய நரம்புச் சிலந்திப் புழுவை மக்களின் கால்களிலிருந்து மெல்ல மெல்ல வெளியே இழுத்தார், பாதுகாப்பான கிணறுகள் அமைக்கும்படி ஊராரை வற்புறுத்தினார், பள்ளிகளைத் திறந்தார், தச்சுத் தொழில் கற்பித்தார். மருந்துக்கு வந்தவர் பலர். முதல் ஆண்டுகளில் திருமுழுக்குக்கு வந்தவர் எவருமில்லை. பூசாரியின் எதிர்ப்புக்கு மக்கள் அஞ்சினர்.

முதல் உலகப்போரின் முடிவில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளூயென்சா காய்ச்சல் கொல்லி மலையையும் தாக்கியது. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துச்சென்று, நோயுற்றோர் வீடுகளில் ஊட்டினர். பூசாரியின் குடும்பமும் நோயில் விழுந்தது. அண்டையார் நெருங்க அஞ்சிய நிலையில், இவர்களே அவரைக் கவனித்தனர். சாகுந்தறுவாயில் பூசாரி தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அவர்களுள் கைக்குழந்தையாயிருந்த பெண், ரூத் என்னும் பெயருடன் இவர்கள் வீட்டில் வளர்ந்தாள். மலையில் கிறிஸ்தவச் சபை உருவாகத் தொடங்கியது இதன் பின்னரே.

1923-ல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. ஒன்பது வயதுப் பாலும் அவர் தங்கையும் தாய்வழிப் பாட்டியின் வீட்டில், தாயின் மணமாகாத சகோதரிகளின் பொறுப்பில் விடப்பட்டனர். மலையில் மரமேறித் திரிந்த பிள்ளைகள், லண்டன் மாளிகையின் ஒழுங்குமுறைக்குள் வந்தனர். பெற்றோர் இருவரும் திரும்பினர். அதன்பின் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இருந்தவை கடிதங்களே. 1929 ஜூனில், மலேரியாவின் கடும் விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸி மரித்தார். வாழவந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். தந்திச் செய்தி லண்டனை அடைந்த பின்னும், கப்பல் வழி வந்துகொண்டிருந்த தந்தையின் கடிதம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. தந்தை இல்லை என்று அறிந்த பிள்ளைகள் தந்தையின் கையெழுத்தை வாசித்தனர்.

கணவரை இழந்த ஈவ்லின் இங்கிலாந்து சென்றபோது, ஆறு ஆண்டுகளுக்குமுன் தாம் கண்ட தாய் இவர்தானா என்று மகன் திகைக்கும் அளவிற்கு முதுமையும் தளர்ச்சியும் அவரைப் பற்றியிருந்தன. எனினும் அவர் இந்தியாவிற்குத் திரும்பினார். மிஷன் அவரை மலைக்கு அனுப்பாமல் பல ஆண்டுகள் சமவெளியிலேயே பணியாற்றச் செய்தது. 1947-ல், அறுபத்தெட்டு வயதளவில், ஓய்வு பெற்றார். பின்னர்த் தம் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். கொல்லி மலையோடு கல்வராயன், பச்சைமலை முதலிய மலைகளிலும், குதிரைமேல் ஏறியும், இரு கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். முதுமையில் வீட்டில் முகக்கண்ணாடி வைத்துக்கொள்ள மறுத்தார் என்று மகன் பின்னர் எழுதினார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் மரித்து, கொல்லி மலையில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

3. கதை விரைந்து கடந்துசெல்லும் மூவர்

வரலாறு இவ்வளவு. இதனைக் கதையாகச் சொல்கையில், நாம் நின்று நோக்காமல் கடந்துவிடும் மூவர் உள்ளனர்.

முதலாவது, பிள்ளைகள். பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்ததையும், தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மருத்துவத்தால் சீராக்கியதையும் நாம் அறிவோம். ஆகவே, அப்பிரிவினாலேயே இப்பெருமகன் உருவானார் என்று கதையை முடிப்பது எளிதாகிவிடுகிறது. இது இறையியல் முறையில் தவறு. தேவன் தம்மில் அன்புகூருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் நன்மைக்கேதுவாக நடத்துகிறார் என்னும் உரோமர் நிருபப் போதனை, நடந்தவை யாவும் நன்மையே என்று கூறுவதில்லை. பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் அனைவரும் பால் பிராண்ட் ஆகவில்லை. தாயின் அடக்கத்திற்குச் சென்றுசேர முடியாத அந்த உபதேசியாரின் மகனுக்கு, அவருடைய இழப்பை நியாயப்படுத்தும் பெரும்புகழ் ஏதும் பின்னர் வந்து சேரவில்லை. விளைவைக் காட்டி வேதனைக்கு விடை கூறினால், அத்தகைய விளைவைக் காணாதோரின் வேதனை வீணென்று கூறியவர் ஆவோம். யோபுவுக்கு மறுபடியும் பிள்ளைகள் பிறந்தனர். முதற்பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்பதையும் நாம் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இங்கே சாமுவேலின் நூல் நமக்கு வழிகாட்டுகிறது. அன்னாள் பால்மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டுவருகிறாள். அவளுடைய துதிப்பாடலை நாம் பாடுகிறோம். ஆனால் அப்பாடலுக்குப்பின் ஆசிரியர் ஒரு சிறு செய்தியை வைத்திருக்கிறார்: ஆண்டுதோறும் அவள் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு போனாள். பிள்ளையைக் காணாத அந்த ஓராண்டில் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்பதை அவள் மனத்தால் அளந்தே அச்சட்டையைத் தைத்திருக்க வேண்டும். அர்ப்பணிப்பு அவளுடைய ஏக்கத்தை அழித்துவிடவில்லை. கொல்லி மலையிலிருந்து சென்ற கடிதங்களும் அத்தகைய சட்டைகளே. பிரிவு தமக்குச் சாவைப் போன்றிருந்தது என்பதை ஈவ்லின் அம்மையாரும் பின்னாளில் மறைக்கவில்லை. அவர் மறைக்காததை, சிரித்த முகத்தோடு கையசைத்த பிள்ளைகளைப் படைத்து நான் மறைத்தேன்.

இரண்டாவது, மலை மக்கள். பெரும்பாலான கதைகளில் பூசாரி முதலில் எதிரி, பின்னர் மனந்திருந்தியவர். அவ்விரண்டிற்கும் இடையே அவர் ஒரு தகப்பன். கொள்ளைநோயில் வீடுகள் வெறுமையாகும்போது, தன் பிள்ளைகளுக்குச் சோறிடுவார் யார் என்று ஏங்கிய தகப்பன். தன் தெய்வத்திற்குத் தான் ஆற்றிய தொண்டையும் தன் குலத்தையும் விட்டு, வேற்று மொழியும் வேற்று நிறமும் கொண்டவர் கையில் குழந்தையைக் கொடுக்க அவர் கடந்த தொலைவு எவ்வளவு! பிராண்ட் தம்பதியர் பிள்ளைகளைப் பிரிந்ததைத் தியாகம் என்போமாயின், பூசாரி தம் பிள்ளைகளை ஒப்படைத்ததை என்னவென்போம்? ஒரே மலையில், சில ஆண்டு இடைவெளியில், இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் பிறர் கையில் கொடுத்தன. முதற்குடும்பத்தின் துயரத்திற்கு நூல்கள் உள்ளன. இரண்டாவதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே அரிது. எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். தாம் அறிந்த பக்கத்தை எழுதினர். அதற்காக அவர்களைக் குறைகூறுவது நேர்மையன்று. எழுதப்படாத பக்கத்தை எழுதும் கடமை நம்முடையது. சிறப்பாக, மலைச் சபைகளிலிருந்து இறையியல் கற்க வரும் மாணவருடையது. பாட்டன் பாட்டி சொல்லி நிலைத்த செய்திகளை இன்று கேட்டு எழுதாவிடில், நாளை கேட்பதற்கு ஆளிருக்கமாட்டார்.

மூன்றாவது, கைம்பெண்ணாகிய ஈவ்லின். 1929-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நம் கதைகள் ஒரே மூச்சில் தாண்டுகின்றன. கணவரின் கல்லறை இருக்கும் மலையை ஏறிச்சென்று பணிபுரிய அனுமதியின்றி, சமவெளியில் பிறர் வகுத்த பணியைச் செய்த ஆண்டுகள் அவை. குதிரைமேல் செல்லும் மூதாட்டியின் படம் கண்ணுக்கு இனியது. காத்திருக்கும் நடுவயதுப் பெண்ணின் படம் அத்தகையதன்று. ஆயினும் நம் சபைகளில் அமர்ந்திருக்கும் கைம்பெண்களில் பலர் அந்த நடு ஆண்டுகளிலேயே வாழ்கின்றனர். அவர்களுக்கு உதவக்கூடிய பகுதி எதுவோ, அதையே நாம் தாண்டிச் செல்கிறோம்.

4. மீண்டெழுதலா, தாங்கி நிற்றலா?

இக்காலத்தில் உளவியலார் 'மீண்டெழும் திறன்' என்பதைப் பற்றிப் பேசுகின்றனர். அதற்கான ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள், அழுத்தப்பட்ட பொருள் துள்ளிப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்பது. மூங்கிலை வளைத்து விட்டால் நிமிர்வதுபோல எனலாம். அச்சொல்லால் பயன் இல்லாமலில்லை. ஆனால் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் சொல் வேறு. நம் திருமறையில் 'பொறுமை' என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள 'ஹூப்பொமொனே' என்னும் கிரேக்கச் சொல், கீழே தங்கியிருத்தல், அதாவது பாரத்தின்கீழ் நிலைத்து நிற்றல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. உபத்திரவம் இப்பொறுமையைப் பிறப்பிக்கும் எனப் பவுல் அடிகள் உரோமர் 5-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ஈவ்லின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. லண்டனிலிருந்து புறப்பட்ட இளம்பெண்ணாக அவர் மீண்டும் ஆகவேயில்லை. முதுகு வளைந்தது, கால்கள் தளர்ந்தன, இழந்தவர் வரவில்லை. அவர் துள்ளித் திரும்பியவரல்லர், தாங்கி நின்றவர். உயிர்த்தெழுந்த ஆண்டவரே தம் கைகளிலும் விலாவிலும் காயங்களோடு சீடர்முன் நின்றார் என்று யோவான் சாற்றுகையில், முன்பிருந்த நிலைக்குத் தழும்பின்றித் திரும்புதலே வெற்றி என்று நாம் எவ்வாறு போதிக்கலாம்?

மேலும், தாங்கி நிற்றல் தனி மனிதரின் மனவலிமையால் மட்டும் நிகழ்வதன்று. ஈவ்லின் மலை மக்களுக்கு உதவினார் என்று சொல்கிறோம். வளைந்த முதுகோடும் தளர்ந்த கால்களோடும் 95 வயதுவரை மலையூர்களில் ஒரு மூதாட்டி வாழ்ந்தார் என்றால், நாள்தோறும் கைகொடுத்தவர்கள் அருகில் இருந்திருக்க வேண்டும். அக்கைகளின் பெயர்கள் நம் கதைகளில் இல்லை. நகோமிக்கு ரூத்தும், ஊர்ப் பெண்களும், கதிர்களை விட்டுச்சென்ற அறுவடைக்காரரும் இருந்தனர். துயருற்ற குடும்பத்தைப் பார்த்து விசுவாசத்தில் உறுதியாயிருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வரும் சபை, சுமையைக் காட்டித் தோளைக் காட்டாத சபை. ஆறுதல் கூறுமுன் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் போதகரின் கடமை. இன்ஃபுளூயென்சா காலத்தில் கொல்லி மலையில் முதலில் சென்றது கஞ்சியே.

5. கதை சொல்வோருக்குச் சில நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து, இத்தகைய கதைகளை எழுதுவோருக்கும் பிரசங்கிப்போருக்கும் நான்கு நெறிகளைச் சுருக்கமாக வைக்கலாம்.

அ) சூழலைக் கற்பனை செய்யலாம், சம்மதத்தைக் கற்பனை செய்யலாகாது. மலைப்பாதையின் மழையையும், கஞ்சிப் பானையின் புகையையும், மரவீட்டின் இரவையும் எழுத்தாளர் தாராளமாகப் படைக்கட்டும். ஆனால், ஒருவர் தம் துன்பத்தை மனமுவந்து ஏற்றார் என்பது அவரே சொல்லியிருந்தாலன்றிச் சொல்லத்தக்கதன்று. பிள்ளைகள் விஷயத்தில் இது இருமடங்கு பொருந்தும்.

ஆ) பெயரின்றி நிற்பவரைத் தேடவேண்டும். தலைவர் மலையேறினார் என்று எழுதுகையில், சுமையைத் தூக்கியவர் யார் என்று கேட்க வேண்டும். எதிர்த்தார் என்று எழுதுகையில், எதைக் காக்க எதிர்த்தார் என்று கேட்க வேண்டும்.

இ) முடிவை அவசரப்படுத்தலாகாது. புலம்பல் சங்கீதங்களுள் பெரும்பாலானவை துதியில் முடியினும், 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. திருமறைத் தொகுப்பாளர் அதை நீக்கவில்லை. சில கதைகளை முடிக்காமல் விடும் துணிவு நமக்கு வேண்டும்.

ஈ) நாம் சேர்த்தது எது என்பதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். 'இவ்வாறு இருந்திருக்கலாம்' என்னும் ஒரு சொற்றொடர் போதும். அதனால் கதையின் ஆற்றல் குறைவதில்லை; சொல்பவரின் மீதுள்ள நம்பிக்கை கூடுகிறது.

இவையெல்லாம் அருட்பணியாளரின் அர்ப்பணிப்பைச் சிறுமைப்படுத்துமோ என்று சிலர் அஞ்சலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கலாகாது என்று ஆண்டவரே போதித்தார். மாணவப் பருவத்தில் பணிக்கு ஒப்புக்கொடுக்கும் இளைஞரும் அவரை மணக்கப்போகும் பெண்ணும், செலவு மறைக்கப்பட்ட கதைகளைக் கேட்டு முடிவெடுப்பது நன்றா, முழுக் கணக்கையும் கண்டு முடிவெடுப்பது நன்றா? கொல்லி மலையின் இரு கல்லறைகள், அவற்றைச் சுற்றியுள்ள துயரங்களையும் சேர்த்துச் சொல்லப்படும்போதே நமக்கு உண்மையான சாட்சியாகின்றன.

அடுத்த அருட்பணி ஞாயிறுக்கு அதே சபைக்குச் சென்றபோது, முன்னர் நான் சொன்னதில் பிள்ளைகள் சிரித்துக் கையசைத்தது என் கற்பனை என்று பிரசங்க பீடத்திலேயே கூறினேன். பின்னர், தந்தை இறந்த செய்திக்குப்பின் வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்; அதற்கு விளக்கம் ஏதும் சேர்க்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். அந்த ஆசிரியர் வந்து, தம் தாயார் போர்டிங்குக்கு எழுதிய கடைசித் தபால் அட்டையைத் தாம் இன்னும் வைத்திருப்பதாகக் கூறினார். எழுபது வயதைக் கடந்த அவர், சபையில் அதைப்பற்றி அதுவரை எவரிடமும் பேசியதில்லையாம். அன்று மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். அட்டையை எடுத்துக் காட்டினார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், இருவருமாக ஜெபித்தோம்.